வெளியேறிய நேரம் 3.42

இந்த நகர மன்றத்தில் பத்தொன்பது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். யார் என்ன பேசினார், யார் எந்தப் பக்கம் கை தூக்கினார், யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு எழுந்து போனார் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. விதிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே அலைவதால் எனக்கு ‘ரூல்புக்’ என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. எனக்குக் காது மந்தம் என்று அவர்களுக்கு நினைப்பு.

இத்தனை வருடத்தில் நாற்பது ஐம்பது உறுப்பினர்களைப் பார்த்துவிட்டேன். பாதிப் பேரின் முகம் மறந்துவிட்டது. மீதிப் பேரை மறக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். கண்ணாடியம்மாவைப் பற்றி மட்டும் உட்கார்ந்து எழுதத் தோன்றுகிறது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர் அவர். பதினேழு வயதில் பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தாராம். லென்ஸ் தேய்க்கிற மெஷின் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்று பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். இப்போது அந்தக் கடையில் முதலாளியின் கண்ணாடியே அவர் கையால் போட்டதுதான். கைப்பையில் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்குருடிரைவர் எப்போதும் கிடக்கும். எதிரே பேசுகிறவரின் கண்ணாடி கோணலாக இருந்தால் அவருக்குப் பேச்சே காதில் ஏறாது. கழற்றி வாங்கி, ஸ்குருவை முடுக்கி, கொஞ்சம் வளைத்து, மாட்டிவிட்ட பிறகுதான், “இப்ப சொல்லுங்க” என்பார்.

அவர் தேர்தலில் நின்றதும் இந்தக் கண்ணாடியால்தான். புதுக் கண்ணாடி வாங்கிப் போனவர்கள், சாயங்காலமானால் தெருவே தெரியவில்லை என்று திரும்பி வந்து சண்டை போட்டார்கள். அவர் ஒரு நாள் கூடவே போய்ப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை, தெருவிளக்குதான் எரியவில்லை. மன்றத்துக்கு மனு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். பதினோராவது மனுவை என்னிடம்தான் நேரில் கொடுத்தார். நான் வாங்கி முத்திரை குத்தி, முந்தைய பத்தையும் வைத்திருந்த கோப்பிலேயே வைத்தேன். அவர் அந்தக் கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படியிறங்கிப் போனார். அடுத்த தேர்தலில் ஜெயித்து எதிரே வந்து உட்கார்ந்தார்.

வந்த முதல் நாளே எனக்கு வேலை வைத்தார். உறுப்பினர்கள் தங்களுக்கோ தங்கள் வீட்டாருக்கோ சம்பந்தமுள்ள விஷயம் எதுவாக இருந்தாலும் எழுதி வைக்க வேண்டிய பதிவேடு ஒன்று உண்டு, அதைக் கொடுங்கள் என்றார். உண்டுதான். ஆனால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கடைசியில் பார்த்தால் அது, கோப்பு அலமாரியின் ஒரு கால் குட்டை என்பதால் அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. உருவி எடுத்தேன். அலமாரி சாய்ந்தது. பதிவேட்டில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓர் எழுத்து கிடையாது. கண்ணாடியம்மா தூசியை ஊதிவிட்டு எழுத ஆரம்பித்தார். தான் வேலை செய்யும் கடை, குடியிருக்கும் வீடு, வீட்டுக்காரருக்கு முன்பு வேலை கொடுத்த காண்டிராக்டர், எல்லாம். பிறகு அந்தக் காண்டிராக்டரின் தாயாருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்ததைக்கூட ஒரு வரி எழுதினார். மற்ற உறுப்பினர்கள் அதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, யாரும் பார்க்காத நேரத்தில் வந்து, “அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க” என்று கேட்டார்கள்.

அவருடைய வீட்டுக்காரர் பெயிண்டர். கட்டடங்களுக்குச் சாரம் கட்டி வெளிப்பக்கம் வண்ணம் அடிப்பவர். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். உயிர் மிஞ்சியது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தவர், கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில், ரொட்டி வாங்கி வருகிறேன் என்று தானே கிளம்பினார். அவர்கள் குடியிருக்கும் அச்சகத் தெருவின் நடைபாதை ஒரு முழ உயரம். பாதிக் கல் பெயர்ந்து கிடக்கும். சக்கரம் மாட்டி, ரொட்டிக் கடை வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் குப்புற விழுந்தார். யாரோ தூக்கி உட்கார வைத்தார்கள். யாரோ பாவம் என்றார்கள். விழுந்தது வலிக்கவில்லை, அந்த ஒரு வார்த்தைதான் வலித்தது என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அன்றைக்கு உள்ளே போனவர் பிறகு வெளியே வரவில்லை. சன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்பார். பெயிண்ட் அடிக்கும்போது மாடியில் நின்று தெருவில் போகிற அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வம்புக்கு இழுத்த மனிதர், தெருவில் யாராவது நிமிர்ந்து பார்த்தால் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணாடியம்மா கடையிலும் மன்றத்திலும் சிரித்த முகமாகத்தான் இருப்பார். ஒரே ஒரு தடவை, லென்ஸ் துடைக்கிற துணியால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்படியே உள்ளயே இருந்து முடிஞ்சிருவாரோன்னு பயமா இருக்குண்ணே” என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நடைபாதை விஷயம் மன்றத்துக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தெருவை எடுத்து நடைபாதையைச் செப்பனிட்டு, முக்குக்கு முக்கு சாய்வுதளம் வைப்பது என்று திட்டம். முதல் தெரு எது என்பதில் இரண்டு தெருக்கள் போட்டியில் நின்றன. ஒன்று தண்ணீர்த்தொட்டித் தெரு, மற்றது அச்சகத் தெரு.

கூட்டத்துக்கு முந்தின நாள் கண்ணாடியம்மா என்னிடம் வந்து, தான் இதில் கலந்துகொள்ளலாமா என்று கேட்டார். சாய்வுதளம் வந்தால் முதலில் இறங்கப்போவது தன் வீட்டுக்காரர்தான் என்றார். நான் புத்தகத்தைத் திறந்தேன். உறுப்பினரின் குடும்பத்துக்குச் சம்பந்தமுள்ள பொருள் வந்தால் அவர் அதைச் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும், பேசக்கூடாது, ஓட்டுப் போடக்கூடாது. விதி பதினாலு. விரலை வைத்துப் படித்துக் காட்டினேன். “எழுந்து போயிடணும்மா. வேற வழியே இல்ல” என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

மறுநாள் அவர் எழுந்து, காரணத்தைச் சொல்லி, மாடிப்படிக்குப் பக்கத்தில் கிடக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்தினேன். தலைவர் நீங்கலாகப் பதினொரு பேரில் பத்துப் பேர் மிஞ்சினார்கள். அச்சகத் தெருவுக்காக ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. தெரிந்தவர்தான் வெளியே இருந்தாரே. கை தூக்கச் சொன்னபோது ஐந்துக்கு ஐந்து. தலைவர் மணியைத் தட்டி, தன் முடிவு ஓட்டைத் தண்ணீர்த்தொட்டித் தெருவுக்குப் போட்டார். கண்ணாடியம்மா உள்ளே வந்து, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அடுத்த பொருளுக்கான காகிதத்தைப் புரட்டினார்.

வீட்டில் அவருக்கு நல்ல வரவேற்பு. அக்கம்பக்கத்தில் ஒருவர் விடாமல் கேட்டார்கள். பேப்பர் போடும் அம்மா, தள்ளுவண்டியை அந்த நடைபாதையில் ஏற்றி இறக்கி முதுகு போனவர், ஊருக்கே நியாயம் பார்க்கிறாயே, எங்களுக்கு யார் பார்ப்பார் என்றாராம். பெயிண்டர் இரண்டு நாள் அவரோடு பேசவே இல்லை.

ஒரு வாரம் கழித்து வேறு எதற்கோ புத்தகத்தைப் புரட்டியபோது, விதி பதினாலு அடுத்த பக்கத்திலும் தொடர்வதைப் பார்த்தேன். ஒரு தெருவிலோ வார்டிலோ உள்ள எல்லோருக்கும் பொதுவான நன்மை, உறுப்பினரின் சொந்த விஷயமாகக் கருதப்படாது. நான்கே வரி. அதாவது அவர் உள்ளே இருந்திருக்கலாம். பேசியிருக்கலாம். ஓட்டுப் போட்டிருக்கலாம். ஆறுக்கு ஐந்தாக ஜெயித்திருக்கலாம். பக்கத்தைப் புரட்டாமல் விட்டது நான். ரூல்புக்.

மறுநாள் கடைக்குப் போனேன். அவர் மெஷினில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நாலு திட்டு திட்டினால் தேவலை என்று நின்றேன். அவர் மெஷினை நிறுத்தி, லென்ஸைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அடுத்த தடவை நான் உள்ள இருக்கலாம்னு சட்டம் சொல்லுதா?”

“தாராளமா இருக்கலாம்.”

“அப்பவும் வெளியதான் போவேண்ணே,” என்றார். “முப்பது வருஷமா ஊர்க் கண்ணை எல்லாம் டெஸ்ட் பண்றேன். என் கண்ணை நானே டெஸ்ட் பண்ண முடியல, பக்கத்துக் கடைக்காரர்கிட்டதான் போறேன். சாய்வுதளம்னு சொன்னதும் எனக்கு அவர் ஒருத்தர்தான் தெரியறார். தண்ணித்தொட்டித் தெருவுல யாரு கஷ்டப்படறாங்கன்னு கண்ணுக்கே தெரியல. அப்படி இருந்துட்டு எப்படிக் கை தூக்கறது?”

எனக்குக் கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்குத்தான் கோபம் சீக்கிரம் வரும். சட்டமே இருக்கச் சொல்லும்போது எழுந்து போனால், ஓட்டுப் போட்ட தெருக்காரர்களுக்கு யார் பேசுவார்கள், அதுவும் உங்கள் கடமைதானே என்று கேட்டேன். அவர் அந்த லென்ஸை பிரேமில் பொருத்தி முடிக்கும் வரை யோசித்தார். பிறகு, கூட்டத்தில் பொதுஜனம் யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடம் பேசலாம் என்று ஒரு விதி உண்டல்லவா, அதற்கான மனுப் படிவம் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். அச்சிட்ட நாளிலிருந்து கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது என்றேன். கட்டோடு கொடுங்கள் என்றார்.

அடுத்த அரையாண்டுப் பட்டியல் வந்தபோது அவர் அச்சகத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லாக் கதவிலும் ஒரே பேச்சு: மன்றத்தில் நடைபாதை விஷயம் வருகிறது, நான் அதில் பேசமாட்டேன், நீங்கள் பேசலாம், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ உங்கள் மனதில் பட்டதைச் சொல்லலாம், படிவத்தை நேரே ஆபீசில் கொடுங்கள். அதே படிவத்தோடு, இந்த முறை போட்டியில் இருந்த, தண்ணீர்த்தொட்டிக்கு அப்பால் உள்ள இன்னொரு தெருவுக்கும் போனார். இதை அறிந்த தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தார். சாவி கையில் இருந்தும் கதவைத் தட்டினாராம். பெயிண்டர் நாற்காலியை உருட்டி வந்து திறந்தார். கண்ணாடியம்மா படியில் நின்றபடியே, “வணக்கங்க. நான் உங்க வார்டு உறுப்பினர்,” என்று ஆரம்பித்து, எல்லா வீட்டிலும் சொன்னதை ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் சொல்லி, படிவத்தை நீட்டினார். பெயிண்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஓட்டு கேட்டு வந்ததோட சரி, இப்பதான் இந்தப் பக்கம் தலை காட்டறீங்க” என்று சொல்லிப் படிவத்தை வாங்கிக்கொண்டார். பிறகு கண்ணாடியம்மா உள்ளே வந்து சமையலைப் பார்த்தார். படிவத்தைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை. இதைப் பெயிண்டர் என்னிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறியது.

படிவங்கள் என் மேஜைக்குத்தான் வந்தன. ஏழு. ஏழாவதில் இருந்த கையெழுத்தை இரண்டு தடவை படித்தேன். கண்ணாடியம்மாவிடம் சொல்ல நாக்கு துடித்தது. அவர் கேட்கவில்லை. கேட்காதவரிடம் சொல்லக்கூடாது என்று எந்த விதியும் இல்லை, ஆனாலும் சொல்லவில்லை.

கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. எங்கள் மன்ற மண்டபம் மாடியில். பதினெட்டுப் படி. பத்தொன்பது வருடமாக ஏறி இறங்குகிறேன், அன்றைக்குத்தான் எண்ணினேன். மூன்றரைக்கு மேல் நடைபாதைப் பொருள் வந்தது. கண்ணாடியம்மா எழுந்து, தன் வீட்டுக்காரருக்குச் சம்பந்தம் உள்ளதால் வெளியேறுவதாகச் சொன்னார். நான் கதவைச் சாத்தப் பின்னாலேயே போனேன். மணி 3.42.

மாடிப்படியின் தலைப்பில் அவர் நின்றுவிட்டார்.

கீழே, படிக்கட்டின் அடியில் பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. முகமெல்லாம் வியர்வை. பக்கத்தில் பேப்பர் போடும் அம்மா இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நடைபாதையில் ஏற முடியாமல் வண்டிகளுக்கு நடுவே ரோட்டிலேயே வந்திருக்கிறார்கள். வழியெல்லாம் குலுங்கியதில் பெயிண்டரின் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கி மூக்கில் கோணலாகத் தொங்கியது.

கண்ணாடியம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றார். விஷயம் நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. கண்ணாடியைக் கழற்றி எடுத்தார். கைப்பையிலிருந்து ஸ்குருடிரைவரை எடுத்து முடுக்கினார். அது இரண்டு தடவை வழுக்கியது. முந்தானையால் லென்ஸைத் துடைத்து, அவர் முகத்தில் மாட்டி, இரண்டு காதையும் தொட்டுச் சரி பார்த்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் கட்டடத்தின் பின்பக்கம், பேச்சு காதில் விழாத தூரத்துக்கு நடந்து போனார்.

பேச வந்தவர் படியேற முடியாமல் கீழே இருக்கிறார் என்று உள்ளே போய்ச் சொன்னேன். ஓர் உறுப்பினர் எழுந்து, இதற்கென்ன, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று கீழே இறங்கினார். பெயிண்டர் கையைக் கூப்பினார்.

“நாலு பேர் தூக்கற நாள் வரும்போது தூக்குங்க சார். இன்னிக்கு வேண்டாம்.”

மண்டபத்தில்தானே பேச வேண்டும் என்று தலைவர் என்னைப் பார்த்தார். இந்த முறை நான் பக்கத்தைப் புரட்டித்தான் சொன்னேன். தலைவரும் குறிப்புப் புத்தகமும் எங்கே இருக்கிறதோ அதுதான் மன்றம். தலைவர் ஒரு நிமிடம் மணியையே பார்த்தார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். பத்துப் பேரும் அவர் பின்னால் படியிறங்கி, வண்டிகள் நிறுத்துகிற கொட்டகையில் நின்றார்கள். பெயிண்டர் பேசினார். மற்ற ஆறு பேரும் பேசினார்கள், அதில் இரண்டு பேர் மற்றத் தெருக்காரர்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஏழுக்கு மூன்று என்று அச்சகத் தெரு தீர்மானமானது. மன்றத்துக்குக் கீழேயே ஓர் அறை ஒதுக்க வேண்டும் என்று தலைவரே எழுதிக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்குப் போய் என்ன பேசினீர்கள் என்று கண்ணாடியம்மா கேட்டிருக்கிறார். “அதெல்லாம் மினிட்ஸ்ல இருக்கு. முறைப்படி போய்ப் படிச்சுக்குங்க, உறுப்பினரே” என்றாராம் அவர். எத்தனை கெஞ்சியும் மசியவில்லை.

குறிப்பு அடுத்த கூட்டத்தில் உறுதியானால்தான் பொதுமக்கள் பார்க்கலாம். உறுப்பினர் என்று கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. உறுதியான மறுநாள் காலை, கடைக்குப் போகிற வழியில், மக்கள் வரிசையில் நின்று கவுண்டருக்கு வந்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டார். புத்தகத்தைத் திறந்து கொடுத்தேன்.

அதில் இப்படி இருந்தது:

“அஞ்சு நிமிஷம்னு சொன்னாங்க. படியைப் பாத்ததுலயே ரெண்டு நிமிஷம் போச்சு. நீங்களே இறங்கி வந்துட்டீங்க, அதனால பாதிப் பேச்சு மிச்சம். பத்து நிமிஷ நடை, எனக்கு முக்கா மணி நேரம் ஆச்சு. எங்க வீட்டுல ஒரு உறுப்பினர் இருக்காங்க. போன தடவை அவங்க உள்ள இருந்து கை தூக்கியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்னு தெருவே சொல்லுச்சு. எனக்கும் கோவம்தான். ஆனா அவ எனக்காகப் பேசியிருந்தா நான் சன்னல்லயே உக்காந்து வேடிக்கை பாத்துட்டு இருந்திருப்பேன். அவ பேசமாட்டேன்னு உறுதியா தெரிஞ்சதாலதான் நான் கெளம்பினேன். பதினாலு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் மேல வெயில் படுது. சாய்வுதளம் குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். நாளைக்கும் நான் வெளிய வருவேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். விரலை வைத்து முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். பின்னால் வரிசை நீண்டது. யாரையும் முணுமுணுக்க விடாமல் நான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

“பேசினதுல சாரத்தை மட்டும்தானே எழுதணும், அண்ணே?” என்றார் கடைசியில். “இதுல வார்த்தைக்கு வார்த்தை இருக்கே.”

“ஆமாம்மா. தப்புதான்” என்றேன். “பத்தொன்பது வருஷத்துல ரெண்டாவது தப்பு.”

அவர் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். “இனிமே சுருக்கமா எழுதுங்க” என்றார். இரண்டடி நடந்து போனவர், திரும்பி வந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்ததும் அதே புத்தகத்தைக் கேட்டார்.